பிரஸ் ஷாப்பில் பாதுகாப்புப் பழக்கம்: பழக்க ஆப், செக்லிஸ்ட் ஆப், வாட்ஸ்அப், போர்டு – எது யாருக்கு?

தகட்டை அழுத்தி வெட்டி வடிவமாக்கும் பவர் பிரஸ் ஓடும் ஷாப்புக்கு, அன்றாடச் செயல்களை டிக் போட்டுக் கணக்கு வைக்கும் பழக்க ஆப் ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், ஆப்பைப் பார்ப்பதற்கு முன் பிரஸ்ஸின் கிளட்சைப் பார்த்துவிட வேண்டும். கீ கிளட்ச், பின் கிளட்ச் பூட்டிய பழைய மெக்கானிக்கல் பிரஸ்ஸில் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால் ராம் (மேலிருந்து இறங்கி அழுத்தும் பகுதி) முழுச் சுற்று இறங்கி ஏறித்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. அதனால் அதற்கு லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் ஒளிக்கற்றைத் திரை) மாட்டியும் பயனில்லை. கை உள்ளே போவதைக் கர்ட்டன் கண்டுபிடிக்கும், ஆனால் ராம் நிற்காது. அந்த பிரஸ்ஸுக்குத் தேவை தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டையைச் சுற்றி மூடிய கார்டும் (தடுப்பும்), கையை உள்ளே விடாமல் ஜாபை, அதாவது அழுத்த வேண்டிய தகட்டை, தள்ளும் ஸ்லைடும்தான்.

ஃபிரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ் நடுவில் நிற்கும். ஆனால் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்துத்தான் கர்ட்டனை எங்கே வைப்பது என்று முடிவாகும். ஐஎஸ்ஓ 13855 என்ற சர்வதேசத் தரநிலையின் கணக்குப்படி கை விநாடிக்கு 2,000 மி.மீ. வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 0.2 விநாடியில் நிற்கும் பிரஸ்ஸுக்குக் கர்ட்டன் ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்து அதே பிரஸ் நிற்க 0.3 விநாடி எடுத்தால் 400 மி.மீ. போதாது. இந்த வேலைகள் முடியாத இடத்தில் ஆப்புக்குச் செலவழிக்கும் பணம் தப்பான இடத்துக்குப் போகும் பணம். குருகிராம், மானேசர் பகுதி வாகன உதிரிபாகத் தொழிலாளர்களோடு பணியாற்றும் சேஃப் இன் இந்தியா அமைப்பின் ஆண்டறிக்கைகளில், விரல்கள் நசுங்கிப் போவதற்குப் பவர் பிரஸ்தான் தொடர்ந்து பெரிய காரணமாக வருகிறது. ஆபத்தை அகற்றுவது, மாற்றுவது, பொறியியல் தடுப்பு, நடைமுறை, அணியும் கருவிகள் என்று ஐந்து படிகளாகச் சொல்லப்படும் கட்டுப்பாட்டு வரிசையில் ஆப் நிற்பது நான்காவது படியில். மூன்றாவது படியின் வேலையை அது ஒருநாளும் செய்யாது.

கார்டு, இரு கைப் பொத்தான் (இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் ராம் இறங்கும்), கர்ட்டன் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். ஒப்பிடுவதற்கு அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ சாதாரணமாகக் காணக்கூடிய ஓர் அளவை எடுத்துக்கொள்கிறோம்: 12 பிரஸ், 60 பேர், இரண்டு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு இரண்டு சூப்பர்வைசர். தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். பழக்க ஆப் போக வேண்டியது சூப்பர்வைசரின் போனுக்கு. ஆபரேட்டருக்கு ஆப் வேண்டாம்; மெஷின் பக்கத்திலேயே ஐந்து கேள்விகள் போதும். ஷாப் முழுவதற்கும் பொதுவாக ஒரு போர்டு. ஏன் இப்படிப் பிரிக்கிறோம் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

எது பழக்கமாகும், எது ஆகாது

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் அச்சில் வந்தது. ஒரு சின்னச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த நாட்களின் இடைநிலை அளவு 66. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இந்த இரண்டு விஷயங்களும் ஆப் தேர்வில் நேராக வந்து உட்காருகின்றன. மூன்று வாரச் சோதனையை வைத்து ஆப் வேலை செய்கிறது, செய்யவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒருநாள் விட்டால் கணக்கை பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிற ஆப், பழக்கம் உருவாகும் விதத்துக்கே எதிராக நிற்கிறது.

இன்னொரு முக்கியமான பிரிவு உண்டு. தினமும் அதே இடத்தில், அதே வரிசையில் செய்யும் வேலைதான் பழக்கமாகும். ஷிஃப்ட் தொடங்கியதும் பொத்தானைச் சோதிப்பது, ஸ்கிராப்பைக் கையால் எடுக்காமல் கொக்கியால் இழுப்பது, கண்ணாடி போடுவது, கடைசிப் பத்து நிமிடம் இடத்தைச் சுத்தம் செய்வது ஆகியவை இந்த வகை. டை மாற்றுவது, மெயின் சுவிட்சைப் பூட்டி டேக் போட்டுப் பழுது பார்ப்பது போன்றவை வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருபவை. அவற்றைப் பழக்கத்துக்கு விடக் கூடாது. கை தானாகப் போவதுதான் அங்கே ஆபத்து. ஒவ்வொரு தடவையும் தாளைக் கையில் வைத்து, ராம் விழாமல் தாங்கும் சேஃப்டி பிளாக்கை வைத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. பழக்க ஆப்பில் ‘பூட்டு-டேக் போட்டேன்’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழக்கத்தை எழுதும் விதமும் முக்கியம். ‘பாதுகாப்பாக வேலை செய்வேன்’ என்று எழுதினால் அதில் செய்ய ஒன்றுமில்லை. ‘மெயின் சுவிட்சைப் போட்டதும், முதல் ஷீட்டைத் தொடுவதற்கு முன், ஒற்றைப் பொத்தானை மட்டும் அழுத்தி ராம் அசைகிறதா என்று பார்ப்பேன்’ என்று எழுதினால் எப்போது, எதற்குப் பின், எதைச் செய்வது என்று மூன்றும் கிடைத்துவிடும். உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1990-களில் ஆராய்ந்து காட்டிய ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற அமைப்பு இதுதான். நினைவூட்டல் போனிலிருந்து வருவதைவிட மெயின் சுவிட்சிலிருந்து வருவது எப்போதும் மேல். சுவிட்சுக்கு பேட்டரி தீராது, ஷிஃப்டும் மாறாது.

தனிநபர் பழக்க ஆப்கள்

லூப் ஹாபிட் டிராக்கர் ஆண்ட்ராய்டில் இலவசம், திறந்த மூலம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, நெட் இல்லாமலும் ஓடும். பதிவுகள் போனிலேயே இருக்கும். வேண்டுமானால் சிஎஸ்வி கோப்பாக எடுக்கலாம். அதன் மதிப்பெண் கணக்கில் ஒருநாள் விடுபட்டால் கொஞ்சம் இறங்குமே தவிர, பூஜ்யத்துக்குப் போகாது. ‘வாரத்துக்கு 6 முறை’ என்று வைக்க முடிவதால் வார விடுமுறை கணக்கைக் கெடுக்காது. இன்னொரு நல்ல அமைப்பும் இருக்கிறது: நள்ளிரவு தாண்டியும் மூன்று மணி வரை அதே நாளாக வைத்திருக்கச் சொல்லலாம். இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இது தேவை. இல்லையென்றால் பத்து மணிக்கு வந்தவர் பன்னிரண்டரைக்கு டிக் செய்யும்போது அது மறுநாள் கணக்கில் விழும்.

இதில் வரும் கோளாறு பெரும்பாலும் ஆப்பினுடையது அல்ல, போனுடையது. ஷியோமி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணியில் ஓடும் ஆப்களை மூடிவிடும், நினைவூட்டல் வராது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு ஆட்டோ ஸ்டார்ட்டை இயக்கி, பேட்டரி பகுதியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ‘ஆள் பயன்படுத்தவில்லை’ என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

ஹாபிட்டிக்கா வேறு வகை. 2013-ல் வந்தது. பழக்கங்களை விளையாட்டாக மாற்றி, செய்தால் புள்ளி, தவறினால் உயிர்ப்புள்ளி குறைவு என்று வைத்திருக்கிறது. குழுவாகச் சேர்ந்து ஓர் அரக்கனோடு மோதும்போது ஒருவர் தன் அன்றாடக் கடமையை விட்டால் குழுவில் எல்லோருக்கும் அடி விழும். நண்பர்கள் சேர்ந்து படிப்பதற்கோ உடற்பயிற்சிக்கோ இது நன்றாக வேலை செய்யலாம். பிரஸ் லைனில் பாதுகாப்புச் சோதனையை இதில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். செய்யாதவர் மற்றவர்களுக்காக டிக் போட்டுவிடுவார். பொய் டிக் என்பது வெற்று டிக்கைவிட மோசமானது, ஏனென்றால் சோதனை நடந்துவிட்டது என்று அடுத்தவர் நம்பிவிடுவார். ஆப்பிள் கருவிகளில் மட்டும் கிடைக்கும் ஸ்ட்ரீக்ஸ் போன்ற தொடர்நாள் ஆப்களிலும் இதே அழுத்தம் உண்டு: எண்பது நாள் தொடர் உடையக் கூடாது என்பதற்காகவே விரல் டிக்குக்குப் போகும்.

ஆபரேட்டர் கையில் போனே வேண்டாம் என்பதற்கு இன்னும் நேரான காரணம் உண்டு. காட்டன், தோல் கையுறையோடு தொடுதிரை வேலை செய்யாது. கையுறையைக் கழற்றி, எண்ணெய்க் கையைத் துடைத்து, போனை எடுத்து, டிக் போட்டு, கூடவே வந்திருக்கும் வாட்ஸ்அப்பைப் பார்த்து, மறுபடி கையுறை மாட்டி உட்காருவதற்குள் கவனம் மெஷினைவிட்டுப் போய்விடும். போனை லாக்கரில் வைக்கச் சொல்லும் விதியை வைத்துக்கொண்டு, அதே போனில் பாதுகாப்பு டிக் கேட்பது இரண்டு விதிகளையும் கெடுக்கும்.

சூப்பர்வைசரின் நிலைமை வேறு. அவர் போன் எப்படியும் சட்டைப் பையில்தான் இருக்கும். அவருடைய வேலையில்தான் பழக்கமாக வேண்டியவை தினமும் நழுவுகின்றன. அவருக்கு மூன்று வரிகள் போதும். ஷிஃப்ட் தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குள் 12 பிரஸ்ஸையும் ஒரு சுற்று. நேற்று வந்த புகாரில் ஒன்றையாவது முடித்து போர்டில் தேதி போடுவது. ஒருவரிடமாவது அவர் சரியாகச் செய்த குறிப்பிட்ட ஒரு விஷயத்தை நேரில் சொல்வது. “நல்லா பண்றீங்க” என்பது குறிப்பிட்டதாகாது. “ஸ்கிராப்பைக் கொக்கியால இழுத்ததைப் பார்த்தேன்” என்பதுதான் குறிப்பிட்டது. ஐந்துக்கு மேல் வரிகள் சேர்த்தால் ஒரு மாதத்தில் ஆப்பைத் திறப்பதே நின்றுபோகும்.

செக்லிஸ்ட் ஆப்பும் இலவசப் படிவமும்

2012-ல் ஐஆடிட்டர் என்ற பெயரில் வந்து இப்போது சேஃப்டிகல்ச்சர் என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய ஆப் இந்த வகையில் பரவலாகத் தெரிந்தது. கேள்வி வரிசை, புகைப்படம், தவறு கண்டால் உடனே ஒருவர் பெயருக்கு வேலையாக மாற்றுவது, அறிக்கை என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். செலவு ஆள் கணக்கில் மாதச் சந்தாவாக ஏறும். அதனால் 60 பேருக்கும் கணக்குத் தொடங்குவதா, நான்கு சூப்பர்வைசருக்கும் பராமரிப்பு ஃபிட்டருக்கும் மட்டுமா என்பதுதான் உண்மையான விலைக் கேள்வி. இரண்டாவதே போதும்.

சிறிய ஷாப்புக்கு கூகுள் ஃபார்மும் கியூஆர் குறியும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். ஒரே படிவத்தை உருவாக்கி, ‘முன்நிரப்பிய இணைப்பு’ வசதியில் மெஷின் எண்ணை நிரப்பி, 12 பிரஸ்ஸுக்கும் 12 கியூஆர் குறிகள் எடுத்து, லேமினேட் செய்து ஒட்டுங்கள். லைனுக்கு ஒரு டேப்லெட், பிரஸ்ஸிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளித் தூணில். பதில்கள் நேரக் குறிப்போடு ஷீட்டில் விழும். ஓர் இடத்தில் சிக்கல் வரும்: படிவத்தில் கோப்பு பதிவேற்றும் கேள்வி இருந்தால் நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். பொது டேப்லெட்டில் அதற்கென ஒரு தனிக் கணக்கு வைக்காவிட்டால் படிவமே திறக்காமல் ஆபரேட்டர் போய்விடுவார். புகைப்படம் அவசியம் என்றால் சந்தா ஆப்புக்குப் போவதுதான் எளிது.

கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஜாப் இல்லாமல், கை டைக்கு வெளியே இருக்கும்போது செய்யும் சோதனைகள் இவை: ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் ராம் அசைகிறதா, ஒரு பொத்தானைப் பிடித்தபடியே இன்னொன்றைத் தாமதமாக அழுத்தினால் இறங்குகிறதா (இரண்டுக்கும் ‘இல்லை’ என்றுதான் பதில் வர வேண்டும்), எமர்ஜென்சி ஸ்டாப் நிறுத்துகிறதா, கர்ட்டன் சோதனைக் கம்பியைக் காட்டியதும் விளக்கு மாறுகிறதா, காற்றழுத்த மானியில் எத்தனை ‘பார்’ (அழுத்த அலகு) காட்டுகிறது. கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். ‘ஆம், இல்லை’க்குப் பதிலாக எண் கேட்கிறோம். 12 பிரஸ்ஸுக்கும் தினமும் ஒரே எண் வந்தால் யாரும் மானியைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். 12 படிவங்களும் மூன்று நிமிடத்துக்குள் வந்திருந்தாலும் அப்படித்தான்.

அப்படித் தெரிந்ததும் திட்டுவதும் மெமோ கொடுப்பதும் பொய் டிக்கை இன்னும் சாமர்த்தியமாக்கும். கேள்வியைக் குறையுங்கள், ஷிஃப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் உற்பத்திக் கணக்கில் சேராது என்று எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலான பொய் டிக்குக்குக் காரணம் சோம்பல் கிடையாது. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் கொடுக்கவில்லை என்பதுதான்.

டிக் வேறு, செயல் வேறு என்பதற்கு மருத்துவமனைகளைவிட நல்ல சான்று கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தபோது நோயாளிகளின் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது; ஆய்வு 2009-ல் வெளியானது. அந்த எட்டில் புதுடெல்லியும் ஒன்று. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பட்டியலைக் கட்டாயமாக்கி, 101 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். பட்டியலை நிரப்பியதாக வந்த கணக்கு 90 சதவீதத்துக்கு மேல். மரணம் 0.71-லிருந்து 0.65 சதவீதம், புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க மாற்றம் அல்ல. தாள் நிரம்பியது என்பதும் குழு நின்று பேசியது என்பதும் ஒன்றல்ல.

ஜப்பான் ரயில்வேயில் சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல் எளிய பணி ஒன்றில் சோதித்தபோது தவறுகள் ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்தன. இதற்கு ஆப் தேவையில்லை. பொத்தானைச் சுட்டி “ஒற்றைப் பொத்தான், அசையல” என்று சொல்லவைத்துவிட்டு, பிறகு டிக் கேளுங்கள். தமிழிலோ இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லட்டும்.

வாட்ஸ்அப், போர்டு

வாட்ஸ்அப் குழுவுக்குப் பயிற்சி வேண்டாம், குரல் பதிவு அனுப்பலாம், எழுதப் படிக்கச் சிரமப்படுபவரும் பேசலாம். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சொல்ல நல்ல வழி. ஆனால் பழக்கத்தைக் கண்காணிக்க உதவாது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புகார் மூழ்கிப்போகும். குழு ஒன்று வைத்தே தீருவதானால் புகாருக்கு மட்டும் தனியாக வையுங்கள், அதில் முதலாளியோ மேலாளரோ ஒருநாளும் யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்கக் கூடாது. ஒருமுறை அது நடந்துவிட்டால் அதற்குப் பின் குழுவில் எதுவும் வராது.

போர்டு பழைய முறை என்று ஒதுக்குவது தவறு. நான்கடிக்கு மூன்றடி ஒயிட் போர்டில் நான்கு கட்டம்: சொன்னது, யார் செய்வது, எப்போது, முடிந்தது. ஒருவர் வந்து “அண்ணே, நாலாம் நம்பர் பிரஸ்ல வலது பட்டன் ஒட்டுது” என்று சொன்னால், அவர் கண் முன்னாலேயே அதை எழுதி, மறுநாள் ஷிஃப்டுக்குள் முடிந்ததைக் குறித்துவிட்டால், அடுத்த வாரம் பக்கத்து மெஷின்காரரும் வாயைத் திறப்பார். ஈடுபாடு என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது தொழிற்சாலைத் தளத்தில் இவ்வளவுதான்: சொன்னது நடக்கிறதா, எத்தனை மணி நேரத்தில். முடியாத வேலை என்றால் ஏன் முடியாது என்பதையும் அதே கட்டத்தில் எழுத வேண்டும். உற்பத்திக்கும் இதே போர்டு உதவும். பட்டன் ஒட்டுவது, ஏர் லீக், டை தேய்ந்து ஜாபின் விளிம்பில் பர் (பிசிர்) ஏறுவது போன்ற புகார்கள் பாதுகாப்புக் கணக்கிலும் ரிஜெக்‌ஷன் கணக்கிலும் ஒன்றாகவே வரும்.

பரிசும் பதிவும்

ஆப் விற்பவர்கள் புள்ளி, பேட்ஜ், மாதப் பரிசு என்று காட்டுவார்கள். ‘விபத்தில்லாத 100 நாள்’ என்று பணப் பரிசு வைத்தால் விபத்து குறையும் முன் விபத்துச் செய்தி குறையும். வெட்டுப்பட்ட விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். அந்தக் காயம் ஈ.எஸ்.ஐ. பதிவில் ஏறாது, பின்னால் விரல் மடங்காமல் போனால் அந்தத் தொழிலாளிக்குச் சேர வேண்டியதும் சேராது. பரிசு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் புகார் சொன்னதற்கு வையுங்கள்; தனி ஆளுக்குப் பணமாகக் கொடுக்காமல் லைன் முழுவதற்கும் டீ, பலகாரமாக வையுங்கள்.

யாருடைய பதிவு எங்கே போகிறது என்பதையும் தொடங்கும் முன்னே சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் சட்டத்துக்கு முன்பே இது நம்பிக்கைப் பிரச்சினை. ஆப் டிக்கை வருகைப் பதிவுக்கோ போனஸ் கழிவுக்கோ பயன்படுத்தினால் முதல் வாரத்திலேயே அது கண்காணிப்புக் கருவியாகிவிடும். படிவத்தில் ஆளின் பெயர் வேண்டாம், மெஷின் எண்ணும் ஷிஃப்டும் போதும். எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் அடித்து போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பன்னிரண்டு வாரச் சோதனை

66 நாள் என்ற இடைநிலை அளவை வைத்துப் பார்த்தால் ஆறு நாள் வாரத்துக்கு 11 வாரம் ஆகிறது. அதனால் ஒரே ஒரு பழக்கத்தை, ஒரே லைனில், பன்னிரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். முதல் வாரம் எதையும் அறிமுகப்படுத்த வேண்டாம். நேரம் சொல்லாமல் சுற்றி வந்து, நாளுக்கு 20 முறை கவனித்து, ஸ்கிராப்பைக் கொக்கியால் எடுத்தார்களா, கையாலா என்று மட்டும் குறியுங்கள். பெயர் குறிக்க வேண்டாம். இரண்டாம் வாரம் கொக்கியைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். அதோடு நின்று, மூன்றாம் வாரம் கவனிப்பைத் தொடருங்கள். கொக்கி பத்தடி தள்ளி இருந்ததுதான் கையால் எடுத்ததற்குக் காரணம் என்று பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் ஆப்புக்கான செலவு மிச்சம்.

நான்காம் வாரத்திலிருந்து சூப்பர்வைசரின் ஆப்பும், கொக்கிக்கு ஒரு கேள்வி வைத்த மெஷின் படிவமும். வாரம் ஒருநாள் அதே 20 கவனிப்பைச் செய்து, படிவம் சொல்லும் சதவீதத்துக்குப் பக்கத்தில் கண் கண்ட சதவீதத்தை எழுதுங்கள். படிவம் 98 என்று சொல்லி கண் 60 என்று சொன்னால், 60-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மூன்று வாரம் தொடர்ந்து 15 புள்ளிகளுக்கு மேல் இருந்தால் படிவத்தை நிறுத்திவிட்டு, போர்டையும் சூப்பர்வைசர் சுற்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு வாரம் நினைவூட்டலையும் படிவத்தையும் எடுத்துவிட்டுக் கவனிப்பை மட்டும் தொடருங்கள். கண் கண்ட சதவீதம் அப்படியே நின்றால் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஆப்பை அடுத்த பழக்கத்துக்கு மாற்றலாம். விழுந்தால் இன்னும் ஆறு வாரம் கூட்டுங்கள். கர்ட்டன் சோதனை, பொத்தான் சோதனை இரண்டுக்கும் மட்டும் இந்த எடுத்துவிடும் சோதனை வேண்டாம். அவற்றின் படிவம் எத்தனை வருடம் ஆனாலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும்.